மலிவான நான்கு ஆண்டுகள்: என்.எஃப்.எல். அணி கட்டும் கணக்கு
வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடர் என்.எஃப்.எல். அதில் அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட் பற்றியும், அணி அமைப்பது பற்றியும் வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்திருக்கிறோம். தொகைகள் எல்லாம் டாலரில். ஆனால் நம் வழக்கப்படி லட்சம், கோடியாக.

கே: ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த டிராஃப்ட் பிடிபடவே இல்லை. பணம் உள்ள அணி கூடுதல் விலை கேட்டு நல்ல ஆளைத் தூக்கிக்கொண்டு போக முடியாதா? (சேலம் வாசகர்)

ப: முடியாது. அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடே. 1930-களில் கல்லூரி முடித்து வரும் நல்ல ஆட்டக்காரர்கள் பெரிய அணிகளுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல்லின் அணி அடிமட்டத்தில் கிடந்தது. கடைசியில் நிற்பவருக்கு முதல் உரிமை என்று அவர் யோசனை சொன்னார், மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதல் ஆளாக ஈகிள்ஸ் எடுத்த ஜே பெர்வாங்கர் என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் பிக் (டிராஃப்டில் ஆள் எடுக்கும் முறைக்கு பிக் என்று பெயர்) என்றால் முத்து என்று நினைப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே கிடைத்த பாடம்.

இன்றைக்கு 32 அணிகள், 7 சுற்றுகள். பிளேஆஃபுக்குள் நுழையாத 18 அணிகளுக்கு முதல் 18 இடங்கள், அதில் அதிகம் தோற்றவர் முன்னே. கோப்பை வென்றவர் 32-ஆவது. இரண்டு அணிகள் சமமாக நின்றால், எளிய எதிரிகளோடு ஆடிய அணிக்கு முன்னுரிமை. எளியவர்களிடமே அவ்வளவு தோற்றார்கள் என்றால் இன்னும் நொந்த அணி என்பது கணக்கு.

ஏலத்திலிருந்து பெரிதும் வேறுபடுவது சம்பளத்தில்தான். இங்கே ஆட்டக்காரரின் விலையை அவர் எடுக்கப்பட்ட எண்தான் தீர்மானிக்கிறது. 2010-இல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7.8 கோடி ஒப்பந்தம், அதில் 5 கோடி உத்தரவாதம். 2011-இல் புதிய தொழிலாளர் ஒப்பந்தம் வந்தது. அந்த ஆண்டு முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு 2.2 கோடிதான். இப்போதைய நிலவரம் பாருங்கள்: 2025-இன் முதல் பிக் கேம் வார்டுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 4.8 கோடிக்குச் சற்று மேல். டாக் பிரெஸ்காட்டின் சராசரியோ ஓர் ஆண்டுக்கு 6 கோடி. இருவரும் குவார்ட்டர்பேக்தான், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள். டிராஃப்டில் அணிகள் ஆளோடு சேர்த்து அவருடைய மலிவான நான்கு ஆண்டுகளையும் வாங்குகின்றன. கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

கே: பட்டியலில் மிகச் சிறந்தவரை எடுப்பதா, அணிக்கு ஓட்டை இருக்கும் இடத்துக்கு ஆள் எடுப்பதா? (டொரான்டோ வாசகர்)

ப: எல்லா மேலாளர்களும் "சிறந்தவரைத்தான் எடுத்தோம்" என்று பேட்டி கொடுப்பார்கள். அறைக்குள் நடப்பது கொஞ்சம் வேறு.

இலையுதிர் காலத்தில் ஆள் தேடும் வட்டார ஸ்கவுட்கள் கல்லூரி கல்லூரியாகப் போய் அறிக்கை எழுதுவார்கள். அதே ஆட்டக்காரரை வேறொருவர் மறுபடி பார்த்து, முதல் அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று சொல்வார். குளிர்காலத்தில் கூட்டம் கூடும். மார்ச், ஏப்ரலில் மருத்துவ அறிக்கையும் நேர்காணல் குறிப்பும் சேரும். அணியின் சொந்த இடத்துக்கு வரவழைத்துப் பேச 30 பேருக்கு மட்டும் அனுமதி உண்டு. இதெல்லாம் முடிந்தபின் சுவரில் இரண்டு பலகைகள் நிற்கும். ஒன்றில் ஆடும் இடம்வாரியாக, இன்னொன்றில் இடம் பார்க்காமல் மேலிருந்து கீழாகப் பெயர்கள். ஏறக்குறைய 250 பேர் எடுக்கப்படும் டிராஃப்டுக்கு ஓர் அணியின் இறுதிப் பலகையில் 120, 150 பெயர்களே மிஞ்சும். காயம், நடத்தை, தங்கள் ஆட்டமுறைக்கு ஒத்துவராத உடல்வாகு என்று மற்றவர்களை அழித்துவிடுவார்கள். முதல் சுற்றுக்குத் தகுந்தவர் என்று மதிப்பெண் பெறுபவர்கள் பெரும்பாலான ஆண்டுகளில் 32 பேர் தேறமாட்டார்கள். 15 முதல் 20 வரைதான்.

பலகையைத் தரவரிசையாகப் பார்க்காமல் அடுக்கடுக்காகப் பாருங்கள். ஒரே அடுக்கில் நான்கு பேர் இருந்தால் அந்த நால்வருக்குள் தேவையைப் பார்த்து எடுக்கலாம், தப்பில்லை. தேவைக்காக ஒரு அடுக்கு கீழே இறங்குவதுதான் தப்பு. அடுக்கில் நால்வர் மிச்சம், உங்களுக்கு முன்னே இரண்டு பிக்தான் பாக்கி என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். நால்வர் மிச்சம், உங்கள் முறையே வந்துவிட்டது என்றால் மூன்று இடம் கீழே போய், அதற்குக் கூடுதலாக ஒரு பிக் வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் ஒருவர் மிஞ்சுவார். அடுக்கில் ஒரே ஒருவர் மிச்சமென்றால்தான் மேலே ஏற விலை கொடுப்பதில் அர்த்தம்.

இன்னொன்று: இந்த ஆண்டின் ஓட்டையைப் பார்த்து டிராஃப்ட் செய்யாதீர்கள். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று பாருங்கள். 2005-இல் பிரெட் ஃபாவ்ர் ஆடிக்கொண்டிருந்தபோதே கிரீன் பே பேக்கர்ஸ் 24-ஆவது பிக்கில் ஏரன் ராட்ஜர்ஸை எடுத்தது. மூன்று ஆண்டு உட்கார வைத்தது. அன்றைய தேவைப் பட்டியலில் குவார்ட்டர்பேக் இருந்திருக்கவே முடியாது.

கே: ஒரு குவார்ட்டர்பேக்குக்காக இரண்டு, மூன்று முதல் சுற்றுப் பிக்குகளைக் கொடுக்கிறார்களே, அந்த விலையை எப்படிப் போடுகிறார்கள்? கட்டுப்படியாகுமா? (டாலஸ் வாசகர்)

ப: உங்கள் ஊர்க்காரர்கள் உண்டாக்கிய அட்டவணைதான் ஆதாரம். 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டாலஸ் கௌபாய்ஸ், ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு புள்ளி மதிப்புப் போட்டு வைத்தது. முதல் பிக் 3,000. இரண்டாவது 2,600. ஆறாவது 1,600. பத்தாவது 1,300. 16-ஆவது 1,000. 32-ஆவது 590. இரண்டாம் சுற்றின் கடைசியில் 270. மேலே செங்குத்து, கீழே தட்டை. இன்று ஒவ்வோர் அணியும் தனக்கென்று ஒன்றைத் தயாரித்துக்கொண்டாலும், தொலைபேசியில் பேரம் பேசும்போது இந்தப் பழைய எண்கள் இன்னும் நாக்கில் வரும். அடுத்த ஆண்டுப் பிக்கை ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது பொது வழக்கம்: அடுத்த ஆண்டின் முதல் சுற்று, இந்த ஆண்டின் இரண்டாம் சுற்றுக்குச் சமம்.

இப்போது ஒரு பேரத்தை உரசிப் பார்ப்போம். 2012-இல் வாஷிங்டன், ராம்ஸிடமிருந்து 2-ஆவது பிக்கை வாங்கி ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. கொடுத்தது: 6-ஆவது பிக் (1,600), 39-ஆவது (510), 2013, 2014 முதல் சுற்றுகள். பெற்றது 2,600. அன்றைய கணக்கில் 490 குறைகிறது. எதிர்கால முதல் சுற்றுகளைத் தள்ளுபடி விலையில் போட்டால் கொஞ்சம் கூடக் கொடுத்ததாக வரும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிக்குகள் பின்னால் எந்த எண்ணில் வந்து நின்றன? 2013-இல் 22-ஆவது (780). 2014-இல், முந்தைய பருவத்தில் வாஷிங்டன் 3 வெற்றி 13 தோல்வி என்று சரிந்ததால், மறுபடியும் 2-ஆவது: 2,600. கூட்டினால் 5,490. எந்த எண்ணை வாங்கினார்களோ அதே எண்ணைப் பின்னால் திருப்பிக் கொடுத்து, மேலே மூன்று பிக்குகளையும் கொடுத்திருக்கிறார்கள்.

கிரிஃபின் முதல் ஆண்டில் பிரமாதமாக ஆடி விருது வாங்கினார். பிளேஆஃபில் முழங்கால் போனது. அதே 2012 டிராஃப்டில் வாஷிங்டன் நான்காம் சுற்றில், 102-ஆவதாக, இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்திருந்தது: கிர்க் கசின்ஸ். கடைசியில் அணியைத் தாங்கியவர் அவர்தான்.

இது ஒரு அணியின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. 2017-இல் சிகாகோ பேர்ஸ் மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏற மூன்று பிக்குகளைக் கூடுதலாகக் கொடுத்து மிட்ச் ட்ரூபிஸ்கியை எடுத்தது. பேட்ரிக் மஹோம்ஸ் 10-ஆவதாகப் போனார். 2021-இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் 12-இலிருந்து 3-க்கு ஏற, எதிர்கால முதல் சுற்று இரண்டும் ஒரு மூன்றாம் சுற்றும் கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தது. அடுத்த ஆண்டு அதே அணி 262-ஆவதாக, டிராஃப்டின் கடைசி ஆளாக எடுத்த பிராக் பர்டிதான் அவர்களை இறுதி ஆட்டமான சூப்பர் பௌல்வரை கொண்டுபோனார். பர்டியின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 37 லட்சம். 2025-இல் போட்டது 5 ஆண்டுக்கு 26.5 கோடி.

பொருளாதார அறிஞர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் இதை எண்களில் காட்டினார்கள். ஒரே இடத்தில் ஆடுபவர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக வந்தது 52 சதவீதம்தான். பூவா தலையா போட்டால் 50. "இவர்தான் வேண்டும், அவர் வேண்டாம்" என்பதற்காக அணிகள் கொடுக்கும் விலைக்கும் இந்த 2 சதவீதத்துக்கும் ஒட்டே இல்லை.

அப்படியானால் ஏறவே கூடாதா? குவார்ட்டர்பேக் இல்லாத அணி ஏறத்தான் செய்யும். வேறு வழி கிடையாது. ஆனால் மஹோம்ஸுக்காகக் கன்சாஸ் சிட்டி ஏறிய விதத்தைப் பாருங்கள். 27-இலிருந்து 10-க்கு, விலை 27-ஆவது, 91-ஆவது பிக்குகள், அடுத்த ஆண்டின் முதல் சுற்று. ஏற்கெனவே வெற்றி பெற்றுக்கொண்டிருந்த அணி அது. ஆகவே கொடுத்த எதிர்காலப் பிக் சுற்றின் பின்பகுதியில்தான் வரும் என்று நம்ப இடமிருந்தது. மோசமான அணி எதிர்காலப் பிக்கைக் கொடுத்தால் அது முதல் பிக்காகவே போய்ச் சேரலாம். 2023-இல் கரோலைனா பேந்தர்ஸ் சிகாகோவுக்குக் கொடுத்தவற்றில் இருந்த 2024 முதல் சுற்று அப்படித்தான் முதல் பிக்காகி, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

கே: 40 கெஜ ஓட்டத்தில் சாதனை வைத்தவர் ஏன் எப்போதும் நட்சத்திரம் ஆவதில்லை? (திருச்சி கல்லூரி மாணவர்)

ப: நேராக ஓடுவது ஆட்டத்தின் ஒரு துண்டு. 2017-இல் 4.22 விநாடியில் ஓடிச் சாதனை படைத்த ஜான் ராஸை சின்சினாட்டி 9-ஆவதாக எடுத்தது. அவர் சோபிக்கவில்லை. அடுத்து, 10-ஆவதாகப் போனவர் யாரென்று முந்தைய பதிலில் பார்த்தீர்கள். டாம் பிரேடி அதே தூரத்தை 5.28 விநாடியில் கடந்தார், 199-ஆவதாகப் போனார்.

டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் சோதனை முகாமில் ஓட்டத்தைத் தவிர 225 பவுண்டு, அதாவது 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம் தாவுகிறார், திரும்பித் திரும்பி எப்படி ஓடுகிறார் என்றெல்லாம் அளப்பார்கள். எடை மிகுந்த ஆட்டக்காரர்களுக்கு 40 கெஜத்தின் மொத்த நேரத்தைவிட முதல் 10 கெஜம் முக்கியம். லைனில், அதாவது முன்வரிசையில், நிற்பவர் ஓர் ஆட்டத்தில் 40 கெஜம் நேராக ஓடுவதே அபூர்வம். எண்களை வடிகட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் பந்து பிடிப்பவரைத் துரத்தித் தடுக்கும் கார்னர்பேக் மிக மெதுவாக ஓடினால் அவர் பெயரை அழிக்கலாம். மிக வேகமாக ஓடினார் என்பதற்காக யார் பெயரையும் மேலே ஏற்றாதீர்கள். காணொளியில் தெரியாத வேகம் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது.

தொலைக்காட்சி காட்டாத பகுதிதான் அணிகளுக்கு அதிகம் தேவைப்படுவது. இந்த முகாம் உருவானதே மருத்துவப் பரிசோதனையை எல்லா அணிகளும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளத்தான்.

கே: ரன்னிங் பேக்கை (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரை) முதல் ஐந்து இடத்துக்குள் எடுப்பது முட்டாள்தனம் என்கிறார்கள். ஆனால் சாக்வான் பார்க்லி கோப்பையே வாங்கிக் கொடுத்தாரே? (சிங்கப்பூர் வாசகர்)

ப: வாங்கிக் கொடுத்தது யாருக்கு? நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை 2018-இல் 2-ஆவதாக எடுத்து, நான்கு ஆண்டுக்கு 3.12 கோடி உத்தரவாதம் தந்தது. அந்தக் கையெழுத்தோடு அவர் தம் இடத்திலேயே மிக அதிகம் வாங்குபவர்களில் ஒருவர். அதாவது மலிவு என்ற சலுகை அணிக்குக் கிடைக்கவே இல்லை. 2-ஆவது பிக்கின் சம்பளம் யாரை எடுத்தாலும் ஒன்றுதான். அங்கே குவார்ட்டர்பேக்கோ, எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷரோ வந்திருந்தால் சந்தை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு. 2024-இல் ஈகிள்ஸ் அவரைப் பிக் எதுவும் கொடுக்காமல் 3 ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஏற்கெனவே கட்டி முடித்திருந்த லைனுக்குப் பின்னால் நிறுத்தியது. 2,005 கெஜம் ஓடினார்.

அந்த லைனைக் கட்டிய விதம் பார்க்கத் தகுந்தது. லேன் ஜான்சன் 2013-இல் 4-ஆவது பிக். ஜோர்டன் மைலாட்டா 2018-இல் ஏழாம் சுற்றில் 233-ஆவது. மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர்; அமெரிக்கக் கால்பந்தில் அதற்குமுன் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். ஏழாம் சுற்றில் சூதாடலாம், இழப்பு சிறிது. சராசரிக் கல்லூரி லைன்பேக்கரை எடுப்பதைவிட உடற்கட்டு அசாத்தியமாக உள்ள ஒருவரை எடுத்து மூன்று ஆண்டு காத்திருப்பது மேல்.

கே: ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 2025-இல் 27.92 கோடி என்கிறார்கள். பிறகு எப்படி ஒரே அணி இத்தனை பேருக்கு இவ்வளவு கொடுக்கிறது? "டெட் மணி" என்பது என்ன? (சென்னை, கணக்காளராக இருக்கும் வாசகி)

ப: உங்களுக்கு இது எளிது, தேய்மானக் கணக்கு மாதிரிதான். போனஸ் கையில் ஒரே நாளில் போகும். ஏட்டில் ஒப்பந்தக் காலம் முழுவதும், அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு, சமமாகப் பிரிந்து ஏறும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 5 ஆண்டு ஒப்பந்தம், கையெழுத்து போனஸ் 5 கோடி. ஆண்டுக்கு 1 கோடி ஏட்டில். மூன்றாம் ஆண்டு அடிப்படைச் சம்பளம் 2.5 கோடி, உத்தரவாதம் இல்லை. ஆக அந்த ஆண்டுச் சுமை 3.5 கோடி.

அவரை மூன்றாம் ஆண்டுக்கு முன் கழற்றிவிட்டால் 2.5 கோடி சம்பளம் மிச்சம். ஆனால் இன்னும் ஏறாத போனஸ் 3 கோடி, மொத்தமாக அந்த ஆண்டிலேயே வந்து விழும். இதுதான் டெட் மணி: ஆளும் இல்லை, உச்சவரம்பில் இடமும் இல்லை. மிஞ்சுவது 50 லட்சம்தான். ஜூன் 1-க்குப் பிறகு கழற்றினால் இந்த ஆண்டு 1 கோடி, அடுத்த ஆண்டு 2 கோடி என்று உடையும். இந்த ஆண்டு 2.5 கோடி இடம் கிடைக்கும். ஓர் அணி இரண்டு பேரை மட்டும் முன்கூட்டியே கழற்றி "ஜூன் 1 கணக்கு" என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இடம் ஜூன் மாதம்தான் கைக்கு வரும். ஒப்பந்தம் முடிந்தவர்களை எடுக்கும் மார்ச் சந்தைக்கு உதவாது. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்.

கழற்றாமல் இடம் உண்டாக்க வழி ஒன்று உண்டு. அந்த 2.5 கோடியில் 2.1 கோடியைப் போனஸாக மாற்றிவிடுவது. மிச்சமுள்ள மூன்று ஆண்டுக்கு 70 லட்சமாகப் பிரியும். சுமை 40 லட்சம் + 1 கோடி + 70 லட்சம் = 2.1 கோடி. இந்த ஆண்டு 1.4 கோடி மிச்சம். அடுத்த இரண்டு ஆண்டிலும் தலா 70 லட்சம் கூடும். ஆட்டக்காரர் மறுக்கமாட்டார், அவருக்குப் பணம் முன்னதாகவே வருகிறது. இன்னும் நீட்ட வேண்டுமானால், ஆடப்போகாத இரண்டு போலி ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டுவார்கள். 2.1 கோடி ஐந்தாகப் பிரிந்து 42 லட்சமாகும். ஒப்பந்தம் முடிந்த மறு ஆண்டில் 84 லட்சம் டெட் மணியாக வந்து நிற்கும். உச்சவரம்பு ஆண்டுக்காண்டு ஏறுவதால் (1994-இல் தொடங்கியபோது அது வெறும் 3.46 கோடி) நாளைய கடன் இன்றைய கடனைவிட லேசாகத் தெரியும் என்பது ஈகிள்ஸ் போன்ற அணிகளின் வாதம். சரிதான். ஆள் காயம்படாமல் ஆடும்வரை சரிதான்.

டென்வர் பிராங்கோஸ் 2024-இல் ரஸ்ஸல் வில்சனைக் கழற்றியபோது டெட் மணி 8.5 கோடி. இரண்டு ஆண்டாகப் பிரித்தார்கள். அப்படியும் அந்த ஆண்டு பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். எப்படி? 12-ஆவது பிக்கில் எடுத்த குவார்ட்டர்பேக் போ நிக்ஸின் நான்கு ஆண்டுச் சம்பளம் மொத்தமே 2 கோடிக்குள். முதல் பதிலில் சொன்ன மலிவான நான்கு ஆண்டுகள், பழைய தவறுக்கு அபராதம் கட்டியது. வில்சனே 2013 பருவத்தில் சியாட்டிலுக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது அவருடைய அந்த ஆண்டுச் சுமை 7 லட்சத்துக்கும் குறைவு. மிச்சப் பணம் எல்லாம் தடுப்பாட்டக்காரர்களுக்குப் போனது.

கே: முதல் சுற்றின் கடைசி பிக்குக்கும் இரண்டாம் சுற்றின் முதல் பிக்குக்கும் ஒரு எண்தானே வித்தியாசம்? ஏன் 32-க்கு இவ்வளவு கிராக்கி? (மதுரை வாசகர்)

ப: ஐந்தாம் ஆண்டு உரிமை. முதல் சுற்றில் எடுத்தவரை மட்டும், அவருடைய மூன்றாம் பருவம் முடிந்ததும் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். 2018-இல் பால்டிமோர் 32-க்கு ஏறி லமார் ஜாக்சனை எடுத்தபோது இந்த உரிமையும் சேர்ந்தே கிடைத்தது. குவார்ட்டர்பேக் விஷயத்தில் ஓர் ஆண்டு என்பது கோடிகள்.

கே: மூன்றாம் சுற்று முதல் சில அணிகளுக்கு ஈடாக இலவசப் பிக் கிடைக்கிறதே? (கொழும்பு வாசகர்)

ப: ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போன ஆட்டக்காரர்களுக்கு ஈடு அது. வெளியே போனவர்கள், உள்ளே வந்தவர்கள் இருவரின் சம்பளத்தையும் முக்கியமாக வைத்துக் கழித்துப் பார்ப்பார்கள். நிகர நட்டம் உள்ள அணிக்கு மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை கடைசியில் பிக் சேரும். ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு, மொத்தம் 32.

சூட்சுமம் இங்கே இருக்கிறது: வேறு அணி கழற்றிவிட்ட ஆளை நீங்கள் எடுத்தால் அது கணக்கில் வராது. டிராஃப்ட் முடிந்து அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு எடுத்தாலும் வராது. ஆகவே மார்ச்சில் நடுத்தர ஆட்டக்காரருக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடும் அணி, தன் நான்காம் சுற்றுப் பிக்கைத் தானே ரத்து செய்துகொள்ளக் கூடும். பால்டிமோர் ஆண்டாண்டாக இதில் நிதானம் காட்டுகிறது.

கே: லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் முதல் சுற்றே இல்லாமல் கோப்பை வென்றதே. பிறகு டிராஃப்ட் எதற்கு? (சான் ஹோசே வாசகி)

ப: முதல் சுற்றுதான் இல்லை. 2016-இல் ஜாரெட் காஃபை எடுத்தபின் 2024-இல் ஜாரெட் வெர்ஸ் வரை அவர்கள் முதல் சுற்றில் யாரையும் எடுக்கவில்லை; ஜேலன் ராம்ஸிக்கும் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்கும் அவற்றில் நான்கைக் கொடுத்தார்கள். ஆனால் பிந்திய சுற்றுகளில் பிக்குகளைக் குவித்தார்கள். இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் கூப்பர் கப், மூன்றாம் சுற்றில் 69-ஆவதாக வந்தவர். விலையும் இருந்தது: கோப்பை வென்ற மறு பருவத்தில் 5 வெற்றி, 12 தோல்வி. அதனால் கிடைத்த 6-ஆவது பிக் அவர்கள் கையில் இல்லை, டெட்ராய்ட்டிடம் இருந்தது.

கே: பயிற்சி முகாமில் இருக்கும் 90 பேரைப் பருவத்துக்கு 53 ஆக்குவது எப்படி? அந்த 53-இல் யார் யார்? (பெங்களூரு வாசகர்)

ப: பொதுவான பிரிவு இப்படி அமையும்: குவார்ட்டர்பேக் 3, ரன்னிங் பேக் 4, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் 6, டைட் எண்ட் 3, தாக்குதல் லைன் 9. இது 25. தடுப்பு லைன் 9, லைன்பேக்கர் 6, கார்னர்பேக் 6, சேஃப்டி 4. இதுவும் 25. உதைப்பவர், பன்ட் அடிப்பவர், பந்தைப் பின்னால் நீளமாக எறியும் லாங் ஸ்நாப்பர் என மூவர். பல அணிகள் மூன்றாம் குவார்ட்டர்பேக்கை விட்டு வேறொருவரை வைக்கும்.

முதல் 40 பெயர்கள் ஆகஸ்டுக்கு முன்பே தெரிந்துவிடும். சண்டை கடைசிப் பத்து இடங்களுக்குத்தான். அங்கே ஐந்தாவது ரிசீவர் நன்றாகப் பந்து பிடிப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. உதைத்த பந்துக்குப் பின்னால் ஓடிச் சாய்ப்பாரா என்றுதான் கேட்பார்கள். ஆட்ட நாளில் 48 பேர் இறங்கலாம், அதுவும் தாக்குதல் லைனில் 8 பேர் இருந்தால், இல்லாவிட்டால் 47. ஆகவே லைனில் சென்டர், கார்டு என்று இரண்டு இடமும் ஆடத் தெரிந்த ஒருவர், ஒரே இடத்தில் சற்று மேலானவரை வெளியே தள்ளிவிடுவார்.

ஆகஸ்ட் இறுதியில் ஒவ்வோர் அணியும் 37 பேரை விடும். நான்கு பருவம் நிரம்பாதவர் வெய்வர் பட்டியலுக்குப் போவார். 24 மணி நேரத்துக்குள் எந்த அணியும் கேட்கலாம், டிராஃப்ட் வரிசைப்படி முன்னுரிமை. கேட்பார் இல்லையென்றால் பழைய அணியே 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். அனுபவமுள்ளவருக்கு வெய்வர் இல்லை என்பதால், அணிகள் அவரிடம் பேசிவைத்து இன்று விட்டு, நாளை மறுபடி சேர்ப்பதும் உண்டு. இளம் ஆளை அப்படி விட்டால் வேறொருவர் கொத்திக்கொண்டு போய்விடுவார். ஐந்தாம் சுற்றில் எடுத்த இளைஞரை ஓர் அணி ஏன் ஆடாமலே வைத்திருக்கிறது என்று ரசிகர்கள் கோபப்படுவதற்கு விடை இதுதான்.

பயிற்சிக் குழுவிலிருந்து ஓர் ஆட்டத்துக்கு இருவரை மேலே கொண்டுவரலாம், ஒருவரைப் பருவத்துக்கு மூன்று முறை. பயிற்சிக் குழுவில் இருப்பவரை வேறு அணி எடுக்கலாம். ஆனால் தன் 53-இல்தான் சேர்க்க வேண்டும். குறைந்தது மூன்று வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கே: ஏழாம் சுற்றிலும் பெயர் வராவிட்டால் வாழ்க்கை முடிந்ததா? (ஹூஸ்டன் வாசகர்)

ப: ஏழாம் சுற்றின் பின்பகுதியில் எடுக்கப்படாமலிருப்பதே நல்லது என்று நினைக்கும் ஏஜென்ட்கள் உண்டு. எடுக்கப்பட்டவர் போன இடத்தில் நான்கு ஆண்டு கட்டுண்டவர். எடுக்கப்படாதவர் அணியைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். ஒப்பந்தம் மூன்று ஆண்டு. டிராஃப்ட் முடியும் முன்பே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். அப்போது பார்க்க வேண்டியது போனஸ் தொகையை அல்ல: அந்த அணியில் உங்கள் இடத்தில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு உத்தரவாதப் பணம் பாக்கி, இந்த டிராஃப்டில் அதே இடத்துக்கு யாரை எடுத்தார்கள் என்பதை. குர்ட் வார்னரும் ஆன்டோனியோ கேட்ஸும் இந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான்.

கே: பிக்குக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துபோனால்? (புதுச்சேரி வாசகர்)

ப: உரிமை போகாது, ஆனால் அடுத்த அணி முந்திக்கொள்ளலாம். 2003-இல் 7-ஆவது பிக் வைத்திருந்த மினசோட்டா வைக்கிங்ஸ் பேரம் பேசிப் பேசி 15 நிமிடத்தைக் கோட்டைவிட்டது. ஜாக்சன்வில், கரோலைனா இரண்டும் பாய்ந்து எடுத்தபின் 9-ஆவதாக கெவின் வில்லியம்ஸை எடுத்தது. அவர் ஆண்டுக்கணக்கில் நட்சத்திரமாக ஆடினார். 2025 டிராஃப்டில் முதல் சுற்றுக்கு 10 நிமிடம், இரண்டாம் சுற்றுக்கு 7.

கே: கிக்கரை எந்தச் சுற்றில் எடுக்கலாம்? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: ஐந்தாம் சுற்றிலோ அதற்குப் பிறகோ, மனமிருந்தால். 2016-இல் டாம்பா பே மேலே ஏறி இரண்டாம் சுற்றிலேயே ராபர்ட்டோ அகுவாயோவை எடுத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கழற்றிவிட்டது.